நட்சத்திர மணி நாலு

இந்த சீட்டுக்கு ஆளு வருதா அம்மிணி? வரலைன்னா நான் உக்காந்துக்கறேன். பையைக் கால்கிட்ட வெச்சுக்கறேன், உனக்கு இடைஞ்சல் இல்லையே? எலுமிச்சம்பழந்தான். துர்க்கை கோயிலுக்குப் போறேன். செவ்வாக்கெழமை ராகு காலத்துல எலுமிச்சை விளக்குப் போட்டா எப்பேர்ப்பட்ட கஷ்டம் கோட்டாலையும் தீரும்னு எங்கூரு ஜோசியர் சொல்லிப்போட்டாரு. இது ரெண்டாவது வாரம். இன்னும் ஒண்ணும் தீரலை.

என்ன கோட்டாலைன்னு நீ கேக்கலை. ஆனா உன்ற மொகத்தைப் பார்த்தாச் சொல்லலாம் போல இருக்குது. என்ற புள்ளை எங்கிட்டப் பேசறதில்லை அம்மிணி. ஒரே ஊட்டுக்குள்ளதான் இருக்கறோம். சோறு போடட்டுமான்னு கேட்டா, அவளே தட்டை எடுத்துப் போட்டுத் தின்னுட்டுக் கழுவி வெச்சுட்டுப் போயிர்றா. சண்டை போட்டாக்கூடப் பரவால்லீன்னு இருக்குது. சண்டையும் இல்லை. அவ அப்பங்கிட்டப் பேசறா, நாயிகிட்டப் பேசறா, போன்ல கட்டிக்கப்போற பையங்கிட்ட மணிக்கணக்காப் பேசறா. நான் வந்தா வாயை மூடிக்கறா.

எல்லாம் ராகு காலத்துல பூ வெச்சதனால வந்த வினை. வேற ஒண்ணுமில்லை. நான் சொல்றேன், நீயே கேட்டுப்போட்டு என்ற பேர்ல என்ன தப்புன்னு சொல்லு.

அவ பேரு கோகிலவாணி. பொள்ளாச்சியில ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. முப்பது தாண்டிருச்சு. மூக்கும் முழியும் லட்சணமா இருப்பா, நல்லாப் படிச்சவ, ஒரு கெட்ட பேச்சுப் பேச மாட்டா. ஒரே ஒரு கொறை, எடது காது கேக்காது. சுத்தமா. சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. எல்லாரும் பண்ற மாதிரி கழுத்துல தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பத்துப் போட்டேன். வீக்கம் வடிஞ்சுருச்சு. காது போனது யாருக்குத் தெரிஞ்சுது? பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டு, எடது பக்கமிருந்து பேசினாத் திரும்ப மாட்டேங்கறாளேன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்கிட்டயே காட்டினோம். நரம்பு போயிருச்சு, மிசின் வெச்சாலும் ஆவாதுன்னுட்டாரு. ஆனா சோத்தாங்கைப் பக்கத்துக் காது பாம்புக்காது. அடுப்படியில நான் முணுமுணுக்கறது வாசல்ல இருக்கற அவளுக்குக் கேக்கும். அப்பறம் என்ன கொறை, சொல்லு.

மொதல்ல வந்த எடத்துல உள்ளதை உள்ளபடி சொன்னோம். "அதுக்கென்னங்க, பார்த்துக்கலாம்"னு காப்பி குடிச்சுட்டுப் போனாங்க. போனவங்க போனவங்கதான். ரெண்டாவது எடத்துல இவளே பையங்கிட்டச் சொல்லிப்போட்டா. அது எங்கூருல வேற மாதிரி பரவிப்போச்சு. ரெண்டு காதும் செவிடாம், பேச்சும் திக்குமாம், அதான் பெத்தவங்க மறைக்கறாங்களாம். கடையில போயி அரைக் கிலோ ரவை வாங்க முடியலை அம்மிணி. பாவாத்தா, புள்ளைக்குக் காது எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்க.

அப்பறந்தான் இந்த எடம் வந்துச்சு. பையன் பேரு நவநீதன். ஒரு பழைய காலேசுல பிசிக்ஸ் வாத்தியாரு. பொறுமையான பையன், ஒரே பையன், தோப்பு இருக்குது. அவங்கம்மா ருக்குமணி. நல்ல மனுசி, ஆனா கண்ணு இருக்குது பாரு, அது எல்லாத்தையும் அலசும். ஊட்டுக்கு வந்து பொண்ணு பார்க்கறதுன்னா ஊரே கூடும்னு, வெளியில எங்காச்சும் சத்தமில்லாமப் பார்த்துக்கலாம்னு நாந்தான் சொன்னேன். கோயில்னா பூக்காரி மொதக்கொண்டு என்ன விசேசம்னு கேப்பா. ஓட்டல்னா நம்ம சொந்தம் ஒறம்பரை யாராச்சும் ஒருத்தர் அங்க தோசை தின்னுட்டிருப்பாங்க. அப்பத்தான் பையன் சொல்லியிருக்கறான், எங்க காலேசுல ஒரு மியூசியம் இருக்குது, நாந்தான் அதைப் பார்த்துக்கறேன், ஞாயித்துக்கெழமை யாரும் வரமாட்டாங்கன்னு.

மியூசியம்னா ராசா கத்தியும் கிரீடமும் இருக்கும்னு நெனைச்சேன். இது வேற. வெள்ளைக்காரன் காலத்துல காலேசுல பாடம் நடத்தறதுக்குக் கப்பல்ல கொண்டாந்த சாமான். கண்ணாடிக் கூண்டுக்குள்ள தராசு, பித்தளையில தூரத்தைப் பார்க்கற குழாயி, பாதரசம் ஊத்தின கண்ணாடிக் குச்சி. அத்தனையும் தொடைச்சு வெச்சிருந்தான் பையன். ஊட்டுல ஒரு டம்ளரைக் கழுவறானோ என்னமோ, அங்க ஒரு தூசி இல்லை.

அன்னைக்கு ஆவணி கடைசி ஞாயிறு. அதை உட்டாப் புரட்டாசி, புரட்டாசியில பூ வெக்கறதில்லை. ஐப்பசி வரைக்கும் இழுத்தா யாராச்சும் போய்ப் பையன் ஊட்டுக்காரங்க காதுல ஓதிருவாங்க. அதனால ரெண்டு பேருக்கும் புடிச்சுதுன்னா அங்கயே தலையில பூ வெச்சு உறுதி பண்ணிறலாம்னு பேச்சு. ஜோசியர்கிட்டக் கேட்டேன். நாலு மணிக்கு மேல நாலரைக்குள்ள வெச்சிருங்க, நாலரைக்கு ராகு காலம் வந்துரும்னாரு. எங்க குடும்பத்துல கெணறு வெட்டினாலும் சரி, காது குத்தினாலும் சரி, நேரம் பார்க்கறது நாந்தான். என்னைக் கேக்காம ஒரு தேங்கா ஒடைக்க மாட்டாங்க.

போறப்பக் கார்லயே புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டேன். பூ வெக்கற வரைக்கும் அந்தக் காதைப் பத்தி மூச்சு உடாதே. அவ சொல்றா, "பூ வெச்ச அடுத்த நிமிசம் நானே சொல்லிருவேன்மா." வெச்சப்பறம் நீ மைக் புடிச்சுச் சொல்லுன்னேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அங்க போனதும் ஆம்பளைங்க ரெண்டு பேரும் வராண்டாவுல பெஞ்சுல உக்காந்துக்கிட்டாங்க. என்ற ஊட்டுக்காரரும் பையனோட அப்பனும். தென்னைக்கு வாடல் நோயி வந்ததைப் பத்திப் பழமை பேச ஆரம்பிச்சாங்க, அதோட சரி, உள்ள எட்டிப் பார்க்கலை. நாங்க நாலு பேரு உள்ள. நான் புள்ளைக்கு எடது பக்கம் ஒட்டிக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் யாரும் வந்து பேசிரக்கூடாதில்ல? ஒரு கூண்டுல இருந்து அடுத்த கூண்டுக்குப் போனா நானும் கூடவே போறேன். நடுவுல ஒரு மேசை வந்துச்சுன்னா சுத்தி ஓடி வந்து திரும்ப எடது பக்கம் நின்னுக்குவேன். எனக்கு அன்னைக்கு மூட்டு வலியே தெரியலை.

பையன் ஒவ்வொண்ணாக் காட்டறான். இது காத்தோட கனத்தைப் பார்க்கறதுங்க, இது நெலம் அளக்கறதுங்கன்னு. எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறலை. சீக்கிரம் காட்டித் தொலை சாமின்னு இருக்குது. பக்கத்துல ஒரு சின்ன ரூம். அதுல பழைய மைக்ராஸ்கோப். இவதான் லேப்ல தெனமும் அதுல குனியறவளாச்சே, தன்னால போய் உக்காந்து திருகிப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. அந்த ரூம்ல ரெண்டு பேருக்கு மேல நிக்க முடியாது. நான் வாசப்படியில நின்னேன். ருக்குமணியம்மா என்ற கையைப் புடிச்சு, "சின்னஞ்சிறுசுங்க, பேசட்டும், வாங்க"ன்னு இழுத்துட்டுப் போயிருச்சு. எனக்கு உசுரு அங்கயே நிக்குது. சித்த நேரம் கழிச்சு ரெண்டும் வெளியில வந்துச்சு. அவ மொகம் லேசா இருந்துச்சு. பையன் அவளுக்குச் சோத்தாங்கைப் பக்கமா நடந்து வந்தான். அதுலருந்து அந்தப் பக்கத்தை உட்டு அவன் நகரவே இல்லை. நான் நெனைச்சேன், நல்லதாப் போச்சு, நம்ம சாமி நம்மளைக் கைவிடலை, தானா அந்தப் பக்கம் கொண்டாந்து நிறுத்துதுன்னு.

ருக்குமணியம்மா பையனைப் பார்த்துச்சு. அவன் தலையை ஆட்டினான். இவளைப் பார்த்துச்சு. இவளும் குனிஞ்சுட்டு ஒரு சிரிப்பு. அந்தம்மா பையிலிருந்து வாழை எலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சுச்சு. ஜாதிமல்லி. ஒரு ரூமே மணந்துச்சு. "நாலு மணி ஆயிருச்சு, வெச்சறலாமுங்களா?"ன்னு என்னைக் கேட்டுச்சு.

இங்கதான் அம்மிணி கெரகம் என்ற நாக்குல வந்து உக்காந்துச்சு.

அந்தம்மா பூவை எடுக்குது, நான் எதுக்கோ தலையைத் தூக்கறேன். எதுத்த சுவத்துல ஆளொசரத்துக்கு ஒரு கடிகாரம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, டொக்கு டொக்குன்னு ஓடிட்டிருக்குது. கீழ ஒரு அட்டையில தமிழ்ல கொட்டை எழுத்துல எழுதியிருக்குது. நட்சத்திர நேரம். மணி மூணுதான் காட்டுது.

எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப்போச்சு. "இருங்க இருங்க, வெச்சராதீங்க"ன்னு அந்தம்மா கையைப் புடிச்சுட்டேன். இன்னும் நாலே ஆகலைங்க, இங்க பாருங்க, நட்சத்திர நேரம் மூணுதான் ஆச்சு!

அந்தம்மா போனைப் பார்க்குது, கடிகாரத்தைப் பார்க்குது. "போன்ல நாலு தாண்டி அஞ்சு நிமிசமுங்களே?"

போன்ல காட்டறது பஸ்ஸுக்குப் போற நேரமுங்க. நாம பூ வெக்கறது நாள் நட்சத்திரம் பார்த்துத்தானே? நட்சத்திர நேரம்னு போர்டே வெச்சிருக்கறாங்க, அப்பறம் என்னங்கன்னு கேட்டேன். கேக்கறதுல நாயமிருக்குதா இல்லையா?

பையன் குறுக்க வந்தான். "அது வேறங்கம்மா. அந்தக் காலத்துல வானத்துல நட்சத்திரத்தைப் பார்க்கறவங்க வெச்சிருந்த கடிகாரம். நாம சூரியனை வெச்சு மணி பார்க்கறோம், இது நட்சத்திரத்தை வெச்சுப் பார்க்கறது. தெனமும் கொஞ்சம் கொஞ்சம் விலகிட்டே போகும்."

அதைத்தானே தம்பி நானும் சொல்றேன்னேன். எங்க ஜோசியரும் நட்சத்திரத்தைத்தான் பார்க்கறாரு. இது சரியான நேரந்தானே, தப்பா ஓடுதான்னு கேட்டேன். "தப்பெல்லாம் இல்லைங்க, அதுக்கு அது சரிதான்"னான். வாத்தியாரே சரிங்கறான். இதுக்கு மேல யாரு சொல்லோணும்? கோகிலா "அம்மா, அது அந்த நேரம் இல்லம்மா, கம்முனு இரு"ன்னா. நீ பேசாத, பெரியவங்க பார்த்துக்குவோம்னு அதட்டிட்டேன். வராண்டாவுல இருந்து என்ற ஊட்டுக்காரரு, "நாலேகால் ஆகப்போகுது, ஆச்சா?"ன்னு சத்தம் குடுக்கறாரு. உங்களுக்கென்ன தெரியும், தென்னை மரத்தைப் பாருங்கன்னு சொல்லிப்போட்டேன்.

ருக்குமணியம்மாவும் நாள் கெழமை பார்க்கற மனுசிதான். நட்சத்திரம்னு எழுத்தைப் பார்த்ததும் அதுக்கும் பயம் புடிச்சுக்கிச்சு. "எதுக்குங்க வம்பு, இருந்தே வெப்போம்"னு பூவைத் திரும்ப எலையில மடிச்சு வெச்சிருச்சு. பையன் சிரிச்சுக்கிட்டுக் கம்முனு ஆயிட்டான். அவனுக்கு இவகிட்ட இன்னும் கொஞ்சம் பேசோணும்னு இருந்திருக்கும்.

அந்த முள்ளு நகருவனாங்குது அம்மிணி. ஒரு மணி நேரத்தை ஓட்டோணுமே. காப்பி கெடைக்காது, டிவி இல்லை. நான் ஊட்டுல வெதைச்ச வெண்டைக்காயில இருந்து பக்கத்து ஊட்டு நாயி குட்டி போட்டது வரைக்கும் பேசித் தீர்த்துட்டேன். வாயை மூடினா அந்தம்மா கண்ணு புள்ளை மேல போகுது. எனக்கு வேர்த்து ரவிக்கை நனைஞ்சுபோச்சு. பையன் நம்ம அவஸ்தையைப் பார்த்துட்டு, சும்மா இருக்கறதுக்கு ஒண்ணு காட்டறேன்னு ஒரு மரப்பெட்டியைத் தொறந்தான். உள்ள வரிசையா இரும்புல, ரெண்டே பல்லு வெச்ச கரண்டி மாதிரி. இசைக்கவையாம். ரப்பர் சுத்தியில ஒரு தட்டுத் தட்டிக் காதுகிட்ட வெச்சா வண்டு ரீங்காரம் போடற மாதிரி சத்தம் வருது. அவங்கம்மா காதுல வெச்சான். "அட, ஆமாண்டா!"ன்னு அந்தம்மாவுக்குச் சந்தோசம். என்ற காதுல வெச்சான். எனக்கு வண்டு கேக்கலை, என்ற நெஞ்சு அடிக்கறதுதான் கேட்டுச்சு.

அடுத்தது யாரு? அவதானே. நான் இருமினேன். தண்ணி தாகமா இருக்குதுன்னேன். பையன் அதைக் கோகிலாவோட நல்ல காதுல வெச்சுட்டு எடுத்துட்டான். போன உசுரு திரும்பி வந்துச்சு. அவன் எனக்குத் தண்ணி எடுத்தாறேன்னு வெளியில போனான். நாந்தானே அவனை அனுப்பினேன், வேற யாரைச் சொல்றது!

அவன் அக்கட்டப் போனதும் அந்தம்மாவுக்குச் சின்னப்புள்ளை மாதிரி ஆசை வந்துருச்சு. சுத்தியைக் கையில எடுத்துக்கிச்சு. "கண்ணை மூடிக்க கண்ணு. நான் தட்டி வெக்கறேன், சத்தம் எப்ப நிக்குதுன்னு நீ சொல்லோணும், பார்க்கலாம்." இவளும் சிரிச்சுட்டே கண்ணை மூடிக்கிட்டா. அந்தம்மா தட்டிச்சு, நாலு எட்டு நடந்து எடது பக்கமாப் போயிருச்சு. நான் அந்தப் பக்கம் போகப் பார்க்கறேன், நடுவுல கண்ணாடிக் கூண்டு, அந்தப் பக்கம் சுவரு. முதுகுல ஒரு கிள்ளுக் கிள்ளலாம்னு கையை நீட்டறேன், எட்டலை.

அந்தம்மா அதைக் காதுகிட்டக் கொண்டுபோச்சு. காதை ஒட்டியே வெச்சிருச்சு. இவ கண்ணை மூடிட்டு, உதட்டுல அந்தச் சிரிப்போட, அப்படியே நிக்கறா. எதுக்கோ காத்துட்டு நிக்கற மாதிரி. சத்தம் கொறையுது, கொறையுது, நின்னே போச்சு. அந்தம்மா கையை எடுக்கலை. இவளும் கண்ணைத் தொறக்கலை. அந்த ரூம்ல கடிகாரம் ஓடறது மட்டுந்தான் கேக்குது.

அப்பறம் கேட்டா பாரு. "இன்னும் தட்டலைங்களா அத்தை?"

அந்தம்மா அந்தக் காதுகிட்டயே விரலைச் சொடுக்கிப் பார்த்துச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவை. அப்பறம் முன்னால வந்து நின்னு, "கண்ணு, அந்தக் காது கேக்காதா?"ன்னு கேட்டுச்சு. அதட்டிக்கூடக் கேக்கலை. அந்த நேரத்துல பையன் தண்ணிச் சொம்போட வாசல்ல வந்து நிக்கறான். கோகிலா கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தா. அந்தம்மாவைப் பார்க்கலை, பையனைப் பார்க்கலை, என்னைப் பார்த்தா. சொல்லு, நீ சொல்லுங்கற மாதிரி ஒரு பார்வை.

நான் என்ன பண்றது? ரெண்டு எடம் போச்சு. இதும் போச்சுன்னா அவ்வளவுதான். நாங்க தெரிஞ்சே மறைச்சோம்னு ஆயிருச்சுன்னா, அந்தக் குடும்பமே பித்தலாட்டக் குடும்பம்னு ஊரு பூரா பேசுமா பேசாதா? புள்ளை மறைச்சான்னா, பாவம், சின்னப்புள்ளை, பயத்துல மறைச்சுட்டான்னு உட்டுருவாங்க. பெத்தவங்க மறைச்சாத்தான் குத்தம். எனக்கு அந்த ஒரு நொடியில இதெல்லாம் ஓடிச்சு. மூளை அப்படி வேலை செஞ்சுது.

நெஞ்சுல கையை வெச்சுட்டேன். "ஐயோ, இதென்னங்க புதுசா இருக்குது! ஏம்புள்ளே, உனக்குக் காது கேக்கறதில்லையா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே நீயி!"ன்னு ஓன்னு ஆரம்பிச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொய்த் தண்ணி இல்லை அம்மிணி, நெசமாவே வந்துச்சு.

ருக்குமணியம்மா என்னைப் பார்த்துச்சு. "உங்களுக்கும் தெரியாதுங்களா?" தெரியாதுங்க, படிச்சது பூரா ஆஸ்டல், எங்க கூட எங்க இருந்தா அவ, இந்தக் காலத்துப் புள்ளைங்க எதைச் சொல்லுதுங்கன்னேன். அந்தம்மா இவ பக்கம் திரும்புச்சு. "ஏன் கண்ணு, பெத்தவங்ககிட்டயே மறைக்கலாமா?"

இவ என்னையே பார்த்துட்டு நிக்கறா. இவ மட்டும் வாயைத் தொறந்து உள்ளதைச் சொன்னா நான் அந்தக் கூண்டுல முட்டிட்டுச் சாகோணும். பையன் சொம்பைக் கீழ வெச்சுட்டு, "அம்மா, அவங்க எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாங்க. அது வந்து..."ன்னு ஆரம்பிச்சான். இவ அவனைப் பார்த்து வேண்டாங்கற மாதிரி தலையை ஆட்டினா. டக்குனு நிறுத்திக்கிட்டான். அப்பவே அவ பேச்சைக் கேக்கறான் பாரு! எனக்கு அந்தப் பயத்துலயும் அது ஒரு சந்தோசம்.

அப்பறம் இவ சொல்றா, தரையைப் பார்த்துட்டு. "ஆமாங்க அத்தை. நாந்தான் சொல்லலை. அம்மாவுக்குத் தெரியாது."

என்ன இருந்தாலும் என்ற வயித்துல பொறந்தவ. என்னை விட்டுக் குடுக்கலை பார்த்தியா? நான் அவளைக் கட்டிப் புடிச்சு அழுதேன். அவ கை ரெண்டும் கீழயே தொங்கிட்டிருந்துச்சு.

அந்தம்மா வராண்டாவுக்குப் போச்சு. அவங்க ஊட்டுக்காரர்கிட்டக் குசுகுசுன்னு பேசுது. என்ற ஊட்டுக்காரரு எந்திரிச்சு வந்து வாசல்ல நின்னு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அவருக்கு ஒண்ணும் பேச வராது எப்பவுமே. அங்க என்ன பேசறாங்களோன்னு நான் காதைத் தீட்டிட்டு நிக்கறேன். பூவை எடுத்துப் பையில போட்டுட்டுக் கெளம்பிட்டாங்கன்னா முடிஞ்சுது. பையனும் வெளியில போனான். அவன் கொரலு மட்டும் ஒசந்து கேட்டுச்சு. "எனக்குப் புடிச்சிருக்குதும்மா. காதுக்காக வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் வேற எடம் பார்க்க மாட்டேன்." எனக்கு அவன் காலுல உழுகலாம் போல இருந்துச்சு.

அந்தம்மா வந்துச்சு. எலையைப் பிரிச்சுச்சு. நட்சத்திர மணி நாலு, நான் பார்த்துட்டேதானே இருந்தேன், நாலு அடிக்கறதுக்கும் பூவை வெக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. தலையில வெச்சுட்டுக் கன்னத்தைத் தொட்டு, "காது கெடக்குது உடு. ஆனா இனிமே யாருகிட்டயும் எதையும் மறைக்காதே கண்ணு. மறைக்கற பழக்கம் நல்லதில்லை"ன்னுச்சு. நல்ல வார்த்தைதானே? மாமியாக்காரி மொத நாளே இவ்வளவு பதமாச் சொல்றது யாருக்குக் கெடைக்கும்? இவ சரிங்க அத்தைன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவ்வளவுதான், காரியம் ஜெயம். ஐப்பசியில கண்ணாலம். மண்டபம் புடிச்சாச்சு.

கார்ல வர்றப்ப நான் சொன்னேன், பார்த்தியா, அம்மா எப்படிச் சமாளிச்சேன்னு. பதில் இல்லை. களைப்பா இருப்பான்னு உட்டுட்டேன். ஊட்டுக்கு வந்து பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுட்டு உள்ள போனவதான். அடுத்த நாளும் இல்லை, அதுக்கு அடுத்த நாளும் இல்லை. என்ற ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டேன், அவ ஏன் இப்படி இருக்கறான்னு. "உனக்குத் தெரியாதா?"ன்னாரு. தெரியாதுன்னேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுத் தோப்புக்குப் போயிட்டாரு.

ஜோசியர்கிட்ட ஓடினேன். எத்தனை மணிக்கு வெச்சீங்கன்னாரு. நட்சத்திர மணி நாலுக்குங்கன்னேன். அதென்ன மணின்னு கேட்டாரு. சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. நீங்க வெச்சது சர்க்கார் மணி அஞ்சுக்கு, நட்டநடு ராகு காலத்துல, மனுசனுக்கு ஒரே கடிகாரந்தான் பாவாத்தா, வேற கடிகாரத்தை எதுக்குப் பார்த்தேன்னு சத்தம் போட்டாரு. அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. ராகு காலத்துல வெச்ச பூவு, தாயையும் புள்ளையையும் பிரிச்சுப்போட்டுது. வேற என்ன காரணம் இருக்கப்போகுது? அந்தப் பையன் அட்டையில ஒழுங்கா எழுதி வெச்சிருந்தா இந்தப் பாடு உண்டா? நட்சத்திர நேரம்னு எழுதினா நாலு பேரு நம்ப மாட்டாங்களா?

நீ என்ன அம்மிணி, சன்னலையே பார்த்துட்டு வர்றே. உனக்கும் அம்மா இருக்கறாளா? பேசறியா அவகிட்ட? பேசு, பேசு. பெத்தவகிட்டப் பேசாம இருக்கறது பாவம்.

நேத்து மத்தியானங்கூட, கண்ணாலத்துக்கு ரவிக்கை தைக்கக் குடுக்கோணுமே, என்ன கலருன்னு கேக்கப் போனேன். படுத்திருந்தா. தூங்கலை, கால் விரலு ஆடிட்டிருந்துச்சு. கோகிலான்னேன். அசையலை. கட்டல்ல உக்காந்து முதுகைத் தடவிட்டே கூப்பிடறேன், கோகிலா, கண்ணு, அம்மாதான்டி, ஒரு வார்த்தை பேசுடின்னு. ஒண்ணுங் கேக்காத மாதிரி கெடக்கறா. அப்பறந்தான் பார்த்தேன். சோத்தாங்கைப் பக்கமாத் திரும்பி, அந்தக் காதைத் தலகாணியில அமுக்கிட்டுப் படுத்திருக்கறா. இப்பெல்லாம் நான் ரூமுக்குள்ள காலெடுத்து வெச்சாலே அப்படித்தான் திரும்பிப் படுத்துக்கறா. நான் மேல தெரியற காதுக்குப் பேசிட்டு உக்காந்திருக்கோணும்.

அதுல கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா அம்மிணி? பெத்தவ நான், என்ற புள்ளைக்கு எந்தக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா?